பச்சை மூடிய அடையாளங்கள்

கோடை முடிகிற சமயத்தில் ஒரு நாள், மலையிலிருந்து பேருந்தை இறக்கிக்கொண்டிருந்த டிரைவருக்கு அடுத்து என்ன வரும் என்பது நினைவில் இல்லை.

பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமல் அடம்பிடிக்குமே, அது வேறு. அது எல்லோருக்கும் நடப்பதுதான். இவருக்கு எதிரில் வந்த வளைவுக்கு அப்பால் இருப்பது கடையா, மரமா, வெறும் பாறையா என்பதே தெரியவில்லை. மீசை முழுக்கக் கறுத்திருந்த வயதிலிருந்து அவர் ஓட்டிவரும் பாதை அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று டிப்போவில் பலமுறை சொல்லியிருக்கிறார். வேகத்தைக் குறைத்து மெல்ல வளைந்தார். பால் நிலையம் வந்தது. கேன்களோடு நாலைந்து பேர் கை காட்டினார்கள். பிரேக்கை மிதித்த பிறகுதான் உள்ளங்கை நனைந்திருப்பதைக் கவனித்தார். சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பின்படியில் நின்ற கண்டக்டர் எதையும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

டிப்போவில் இவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நிதானம்' என்றால்தான் தெரியும். மற்ற டிரைவர்கள் மலையேறி ஒரு டீயும் குடித்து முடித்த பிறகுதான் இவர் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும். ஆனால் குழந்தையோடு போகிறவர்களும் வயதானவர்களும் இவர் வண்டிக்காகக் காத்திருந்து ஏறுவார்கள். கண்டக்டருக்கு 'விசில்' என்று பெயர். நிர்வாகம் கொடுத்த ஊதலைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு விரலை வாயில் வைத்து அவன் ஊதினால் அடுத்த மலையில் மேய்கிற ஆடு திரும்பிப் பார்க்கும். அவன் டிரைவரின் மனைவிக்குத் தம்பி. பெற்றவர்கள் போன பிறகு அக்கா வீட்டிலேயே வளர்ந்தவன். இவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

டிரைவரின் மனைவி, கீழ் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நர்சரியில் வேலை பார்த்தாள். விதை போடுவது, நாற்றுப் பிரிப்பது, கறுப்புப் பைகளில் மண் நிரப்பி வரிசை கட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான்.

பால் நிலையத்து விஷயத்தை டிரைவர் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் போதவில்லை, வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் அது திரும்பவும் வந்தது. ஒருமுறை ஏறும்போது. ஒருமுறை, பள்ளிக்கூடத்து நிறுத்தத்தில் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே. அதன் பிறகு அவர் புதிதாக வேலைக்கு வந்தவரைப் போலப் பாதையை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். நீலத் தார்ப்பாய் போட்ட கொட்டகை தெரிந்தால் குறுகிய வளைவு. டயர் விளம்பரம் எழுதிய வெள்ளைப் பாறை வந்தால் பால் நிலையம். சிவப்பாகப் பூத்த மரம் வந்தால் பள்ளிக்கூடம். மேலே, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் முள்வேலி போட்ட பக்கம் போகக் கூடாது. அது பழைய கல்குவாரிக்குப் போகும் வழி.

காலையில் சவரம் செய்யும்போதும் இதையே முணுமுணுத்தார்.

"என்ன தனக்குத்தானே பேசிட்டிருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பாட்டு."

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல உங்க வாயில பாட்டு வந்து நான் கேட்டதே இல்லையே."

"இப்ப வருது, விடேன்."

அவள் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு, அவர் சவரம் செய்யும் நேரத்தில் கையில் எந்த வேலை இருந்தாலும் நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். அது பாட்டு இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னவென்றுதான் புரியவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அவர் அப்படியே போய்விடுவதையும், கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பதையும் அவள் ஏற்கனவே பார்த்திருந்தாள். டாக்டரிடம் போகலாம் என்று ஒருமுறை சொன்னாள். "எனக்கென்ன கேடு, நல்லாத்தானே இருக்கேன்" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். அவர் சோற்றில் கோபத்தைக் காட்டுகிறவர் இல்லை.

மழை வந்தது.

முதல் வாரத்தில் டயர் விளம்பரப் பாறையில் பாசி ஏறியது. அடுத்த சில நாட்களில் ஏதோ ஒரு கொடி அதன் மேல் பரவி எழுத்தையே மூடிவிட்டது. சிவப்பு மரத்தில் ஒரு பூ இல்லை. சுற்றியிருந்த மரங்களோடு சேர்ந்து அதுவும் ஒரு பச்சை மரமாகிவிட்டது. நீலத் தார்ப்பாய் காற்றில் கிழிந்ததால் கொட்டகைக்காரர் கறுப்பாக ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். வருஷா வருஷம் மழை வருகிறது, மலை பச்சையாகிறது. அது அழகு என்று சொல்லி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். டிரைவர் வைப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் பச்சைக்குள் தன் அடையாளங்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றுபோலவே இருந்தது எல்லாம்.

அந்த வாரத்தில் ஒரு நாள் தபால் ஆபீஸ் அம்மாவின் நிறுத்தத்தை அவர் தாண்டிப் போய்விட்டார். தபால் ஆபீசில் வேலை பார்ப்பதால் தினமும் முன்சீட்டில் வரும் அந்த அம்மா குடையைக் கம்பியில் தட்டி, "என்ன நிதானம், இன்னிக்கு என்னை எங்க கடத்திட்டுப் போறீங்க?" என்றாள். வண்டியே சிரித்தது. டிரைவரும் சிரித்தார். விசில் சிரிக்கவில்லை. இறங்கி அந்த அம்மாவுக்குக் கை கொடுத்தபோது டிரைவரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தான்.

மறுநாளிலிருந்து விசில் நிறுத்தங்களைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தான். "பால் ஸ்டாப் வருது, வளைவு தாண்டினதும் இடது கைப் பக்கம்." "ஸ்கூல் வருது, பாலம் ஏறினதும் நிக்கும்." பாதை பிரியும் இடத்தில் முன்னால் வந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வலது பக்கம் போலாம், ரைட்" என்பான்.

"ஏன்பா, பொறந்ததுலேர்ந்து இதே ரோட்டுல போறோம், எங்களுக்கா வழி சொல்ற?" என்று ஒருவர் கேட்டார்.

"புதுசா வர்றவங்க இருப்பாங்கல்ல" என்றான் விசில்.

யாருக்காகச் சொல்கிறான் என்பது டிரைவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அவமானமாக இருந்தது. அதைவிட, அவன் குரல் வராத இடங்களில் பயமாக இருந்தது. இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. டீக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள்.

விசில் அக்காவிடம்தான் பேசினான். ஒரு மத்தியானம் நர்சரிக்குப் போய், நாற்றுகளுக்கு நடுவில் குந்தினான்.

"அக்கா, மாமா வீட்டுல எப்படி இருக்காரு?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

அவள் பையில் மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். "சும்மா கேக்குற மூஞ்சியா இது? வண்டியிலயும் மறக்குறாரா?"

அவன் தலையை ஆட்டினான். "டிப்போவுல சொல்லிடலாமாக்கா?"

"சொல்லிட்டா? சீட்டை விட்டு இறக்கிடுவாங்க. இறக்கிட்டா அவரு இடிஞ்சு போயிடுவாருடா. உனக்குத் தெரியாதா அவர?"

"வண்டியில ஆளுங்க இருக்காங்கக்கா."

அவள் கை நின்றது. "மழை போகட்டும். வெளிச்சம் வந்தா சரியாயிடுவாரு. அதுவரைக்கும் நீதான் கூட இருக்கியே" என்றாள்.

அவன் எழுந்து போனான். அவன் போன பிறகு பார்த்தால், அவள் அழுத்திய அழுத்தலில் பை அடியில் கிழிந்து மண் காலில் கொட்டியிருந்தது.

மழை போனது. வெளிச்சம் வரவில்லை, மூடுபனி வந்தது. அந்த மலையில் குளிர்காலம் அப்படித்தான். விடிந்த பிறகும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். விளக்கு வெளிச்சமும் கொஞ்ச தூரம் போய்ச் சுவரில் மோதினாற்போல நின்றுவிடும்.

அன்று காலை வண்டியில் நல்ல கூட்டம். ஒருவர் பீரோவில் பொருத்துவதற்காக ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தியிருந்தார். அதில் யாரோ சாய, இவர் கத்த, பின்னால் சண்டை முற்றிவிட்டது. "கண்ணாடிக்கும் டிக்கெட் எடுத்தாச்சு, அதுவும் ஒரு ஆளுதான்" என்று அவர் வாதாடிக்கொண்டிருந்தார். விசில் இரண்டு பக்கமும் சமாதானம் செய்துகொண்டிருந்ததால் பாதை பிரியும் இடம் நெருங்கியதைக் கவனிக்கவில்லை. கவனித்து முன்னால் வரப் பார்த்தபோது கண்ணாடி குறுக்கே நின்றது.

டிரைவர் குரலுக்காகக் காத்திருந்தார். குரல் வரவில்லை. பனிக்குள் இரண்டு சாம்பல் நிற வாய்கள் திறந்திருந்தன. முள்வேலி மழையில் எப்போதோ சாய்ந்துவிட்டிருந்தது. அகலமாகத் தெரிந்த பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பினார்.

சரிவு. வண்டியின் அடிவயிற்றில் புல் உரசும் சத்தம். விசிலுக்குக் காலடியிலேயே தெரிந்துவிட்டது. "மாமா" என்று கத்த வாயைத் திறந்தான். அதற்குள் வண்டி நின்றுவிட்டது.

அவராகத்தான் நிறுத்தினார். அந்தக் கணத்தில் அவருக்கு வழி மட்டும் தெரியாமல் போகவில்லை. மேலே போகிறோமா, வீட்டுக்குப் போகிறோமா, முதுகுக்குப் பின்னால் இத்தனை பேர் ஏன் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எதுவும் தெரியவில்லை. தெரியாதபோது நிறுத்த வேண்டும் என்பது மட்டும் காலுக்குத் தெரிந்திருந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விசில் ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் குனிந்தான்.

"மாப்ள, இது எங்க?" என்றார் அவர், யாருக்கும் கேட்காத குரலில்.

"குவாரி ரோடு மாமா."

"முன்னால என்ன இருக்கு?"

விசில் கதவைத் திறந்து இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தான். மழையில் பாதையின் ஒரு பக்கம் இடிந்து குவாரிப் பள்ளத்தில் விழுந்திருந்தது. முன்சக்கரத்துக்கும் அந்த விளிம்புக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான். திரும்பி வந்து, "முன்னால ஒண்ணும் இல்ல" என்றான்.

அவருக்குப் புரிந்தது.

எல்லோரையும் மலை ஒட்டிய பக்கமாக இறக்கினார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. சண்டை போட்ட இருவருமே சேர்ந்து கண்ணாடியை இறக்கினார்கள். தபால் ஆபீஸ் அம்மா கடைசியாக இறங்கி, பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். திருப்ப இடமில்லை. மேட்டில் பின்னாலேயே ஏற்ற வேண்டும். பின்சக்கரம் ஒன்று ஈரமண்ணில் இருந்தது.

"வேற டிரைவரை வரச் சொல்லலாமா?" என்று விசில் கேட்டான்.

"வர்றதுக்குள்ள மண்ணு இறங்கிடும். நீ பின்னால நின்னு சொல்லு. நான் ஏத்துறேன்."

விசில் பின்னால் போனான். வண்டியின் தகரத்தைத் தட்டி, "வரலாம், வரலாம்" என்றான். எஞ்சின் உறுமியது. சக்கரம் சுற்றியது, மண்ணை வாரி இறைத்தது, பிடிக்கவில்லை. வண்டி ஒரு முழம் முன்னால் வழுக்கியது. விளிம்பிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. அது கீழே போய் மோதும் சத்தத்துக்காக எல்லோரும் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அது வருவதற்கு ஒரு யுகம் ஆனது. கண்ணாடிக்காரர் போர்வையை உருவிக்கொண்டு போய் ஈரமண்ணில், சக்கரத்துக்குப் பின்னால் திணித்தார். டிரைவர் கிளட்சை ஒரு நூலளவு விட்டார். இன்னும் ஒரு நூல். சக்கரம் போர்வையைப் பற்றியது. வண்டி பின்னால் ஏறியது. "ஒடி, இடது பக்கம் ஒடி, போதும், நேரா வா" என்று விசில் சொன்னதெல்லாம் கைக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. பாதை பிரியும் இடத்துக்கு வந்து வண்டி சமதளத்தில் நின்றபோது, பின்னாலேயே நடந்து வந்த ஜனங்களுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"இந்தப் பனியில வேற யாரா இருந்தாலும் நேரா உள்ள விட்டிருப்பான். நிதானமா இருந்ததால பொழைச்சோம்" என்றாள் தபால் ஆபீஸ் அம்மா. ஒருவர் வந்து டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் ஏறினார்கள். விசில் முன்னால் வந்து நின்றான். டிரைவர் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"மாமா, இன்னும் கொஞ்ச தூரம்தான். நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"கொஞ்ச தூரம்னு உனக்குத் தெரியுது மாப்ள. எனக்குத் தெரியலையே."

பிரேக்கில் கோளாறு என்று விசில் ஜனங்களிடம் சொன்னான். வேறு வண்டி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது.

டிப்போ மேனேஜருக்கு இந்த விஷயத்தை முடித்துவிடத்தான் ஆசை. ஜனங்கள் எல்லோரும் டிரைவரைப் புகழ்ந்திருக்கிறார்கள், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. "பனியில வழி தவறிடுச்சு, அவ்வளவுதானே? ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார். அறையில் இவர்கள் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். விசில் மூச்சை விட்டான். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்திருந்தால் போதும்.

"பனி இல்ல சார்" என்றார் டிரைவர். "எனக்கு வழி மறந்து போச்சு. கோடையிலேர்ந்தே இப்படித்தான்."

மேனேஜர் நிமிர்ந்தார். "கோடையிலேர்ந்தா? அப்புறம் இத்தனை மாசம் எப்படி ஓட்டினீங்க?"

டிரைவர் மைத்துனனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது நன்றிதான். அதில் சந்தேகமே இல்லை. "இவன்தான் சார். ஒவ்வொரு வளைவா சொல்லிச் சொல்லி ஓட்ட வெச்சான். இவன் இல்லேன்னா என்னிக்கோ முடிஞ்சிருக்கும்."

சொல்லி முடித்த பிறகும், தான் சொன்னது அவனை மாட்டிவிடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. விசிலின் முகம் வெளுத்துவிட்டது. தெரிந்தே மறைத்தான் என்று அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணையெல்லாம் முடிந்து திரும்ப எடுத்தபோது, எதிர்த்திசையில் போகும் சமவெளிப் பேருந்து ஒன்றில் போட்டார்கள்.

அக்கா வீட்டு வாசலில் நின்று அவன் ஒருமுறைதான் பேசினான். "அவரு உண்மையச் சொன்னாரு, சரி. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? சொல்லாதேன்னு சொன்ன நீயாவது டிப்போவுக்கு வந்து சொல்லியிருக்கலாம்ல?" அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், டிரைவரைக் கடிகாரம் வரையச் சொன்னார், படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார், கடைசியில் மனைவியைப் பார்த்துப் பேசினார். மாத்திரையால் இது நின்றுவிடாது, வேண்டுமானால் வேகம் குறையும் என்றார். "வேகம் குறையறது எனக்குப் பழக்கம்தான்" என்றார் டிரைவர். டாக்டர் சிரித்துவிட்டார். மனைவி கையிலிருந்த பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

நர்சரியில் அவருக்கும் வேலை கிடைத்தது. பைகளுக்கு மண் நிரப்ப வேண்டும், தண்ணீர் விட வேண்டும். குளிர் போய் வெயில் ஏறியது. காலையில் அவளோடு நடந்து வருவார். நல்ல நாட்களில் பழைய கதைகள் எல்லாம் கணக்காக வரும். எந்த வருஷத்து மழையில் எந்தப் பாலம் போனது, மகள் பிறந்த அன்று வண்டி எங்கே பஞ்சரானது என்று தெளிவாகச் சொல்வார். நேற்று மத்தியானம் சாப்பிட்டதைக் கேட்டால் மழுப்புவார். மைத்துனன் ஏன் வருவதில்லை என்று அவளிடம் கேட்டார். சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. சில நாள் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். மறுபடி அதே முகம். மூன்றாவது தடவை கேட்டபோது, "வேலை அதிகம்போல" என்றுவிட்டாள்.

கோடை முற்றிய நேரத்தில், தனியாக நடந்து வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

"வேண்டாங்க."

"என்னைக் கயித்துல கட்டியா வெச்சிருக்க? நாலு தெருதான? மலையையே ஏத்தி இறக்கினவன் நான்."

அவள் விட்டுவிட்டாள். முன்னால் வந்து வேலையைத் தொடங்குவாள். அவர் வந்து சேரும்வரை கை ஒரு பக்கமும் கண் வாசல் பக்கமுமாக இருக்கும். தினமும் வந்து சேர்ந்தார்.

பிறகு மழை பிடித்தது. முதல் மழையன்று அவர் வரவில்லை. வழக்கமான நேரம் தாண்டியது. நாற்றுகளின் மேல் போட்ட பிளாஸ்டிக் கூரை மழையில் இரைந்துகொண்டிருந்தது. தேடிப்போனால், இவள் ஒரு தெருவில் போக அவர் இன்னொரு தெருவில் வந்து, யாரும் இல்லையென்று திரும்பிப் போய்விட்டால்? போகாமல் இருந்தால்? "போய்ப் பாரும்மா, நான் இங்க இருக்கேன்" என்றார் நர்சரிக்காரர். அவள் வாசல் கேட்டுக்கு ஓடினாள். அங்கிருந்து ஒரு அடி எடுத்து வைக்க முடியாமல், தலையில் மழை கொட்ட நின்றாள். செருப்பு மாட்டவும் மறந்திருந்தாள்.

தெருமுனையில் ஒரே குடையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கணவர். இன்னொருவன் தம்பி.

டிரைவர் அவளைத் தாண்டி நேராக உள்ளே போனார். ஈரத் தலையைத் துவட்டக்கூட நிற்காமல் தன் இடத்தில் உட்கார்ந்து பைகளை எடுத்தார். விசில் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். மெலிந்திருந்தான்.

"எங்கடா பார்த்த?"

"மார்க்கெட் பக்கம். எனக்கு இன்னிக்கு லீவு. ஸ்டாப்புல நனைஞ்சுட்டு நின்னாரு. பார்த்துட்டுப் போயிடலாம்னுதான் நெனச்சேன்." அவன் குடையின் கைப்பிடியைத் திருகினான். "அவராவே கிட்ட வந்து, 'நர்சரிக்கு எப்படிங்க போறது, கொஞ்சம் சொல்றீங்களா'ன்னு கேட்டாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. டவுசர் போட்ட வயதிலிருந்து அவனை வாடா போடா என்றவர். 'ங்க' போட்டு அவனிடம் ஒருநாளும் பேசியதில்லை.

"உன்னைத் தெரியலையாடா அவருக்கு?"

"அத நான் கேக்கலக்கா. வாங்க, கூட்டிட்டுப் போறேன்னேன். கையைக் குடுத்தாரு."

இருவரும் மழையில் நின்றார்கள். உள்ளேயிருந்து டிரைவரின் குரல் வந்தது. "மாப்ள, அங்கேயே என்ன நிக்கிற? அந்த வாளிய இப்படித் தள்ளு."

விசில் குடையை மடக்கிக் கேட்டில் மாட்டிவிட்டு உள்ளே போனான்.